நாளைப் போவார் எழுதும் பயணக் கட்டுரை

ஊர் சுற்றியதை எழுதுவது இன்றைக்கு ஒரு தொழில். வார இதழ் இணைப்பிலிருந்து கைப்பேசித் திரை வரைக்கும் யாரோ ஒருவர் முதுகுப் பையோடு நின்றுகொண்டு 'வாங்க, போலாம்' என்று கூப்பிடுகிறார். வேலையை விடு, பையைத் தூக்கு, பாதை திறந்து கிடக்கிறது என்கிறார். யாருக்குத் திறந்து கிடக்கிறது? செருப்போடு போகலாமா, சைக்கிளில் உட்கார்ந்து போகலாமா அல்லது ஊர் தாண்டும் வரை இறங்கித் தள்ள வேண்டுமா, போன இடத்தில் எந்தக் குவளையில் தண்ணீர் கிடைக்கும் என்பதையெல்லாம் சாதி தீர்மானித்த மண் இது. இந்த மண்ணில் பயணம் பற்றி எழுதுகிற ஒருவர் தன் சாதியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் 300 பக்கம் எழுதிவிட முடிகிறது என்றால், அந்த 300 பக்கமும் எதை மறைத்துக்கொண்டு நிற்கின்றன என்று கேட்கத்தான் வேண்டும்.

இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், நம் வளவுகளிலிருந்தும் காலனிகளிலிருந்தும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் சிலர் இந்தத் தொழிலுக்குள் நுழைய ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அந்தத் தொழில் எதை முதலாக வைத்து நடக்கிறது, எதைக் கூலியாகக் கேட்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சாதி கொடுக்கிற வரவேற்புதான் அதன் முதல். மௌனம்தான் அது கேட்கிற கூலி. இந்த இரண்டையும் உடைத்துப் பார்க்காமல் நம் பிள்ளைகள் உள்ளே போனால், நம்மை மறைக்கும் வேலைக்கு நம் ஆட்களே சம்பளமில்லாமல் அமர்த்தப்படுவார்கள்.

கொங்கு நாட்டைப் பற்றி எழுதப்படும் பயணக் கட்டுரைகளுக்கென்று தேய்ந்துபோன ஒரு அச்சு இருக்கிறது. சிறுவாணித் தண்ணீர், மேற்கே மலைக்காற்று, அரிசிம்பருப்புச் சோறு, பொள்ளாச்சி இளநீர், ஆழியாறு அணை, மேட்டுப்பாளையத்தில் ஏறினால் ஊட்டி ரயில். எல்லாவற்றுக்கும் மேலே மரியாதை. 'ஏனுங்க, வாங்க, உக்காருங்க' என்று வாய்க்கு வாய் 'ங்க' போடும் சனங்களாம். வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்களாம். இப்படி ஒரு பெருங்கதையாடலைத் திரும்பத் திரும்ப எழுதி, நாங்களே நம்பும்படி ஆக்கிவிட்டார்கள்.

இந்த 'ங்க' யாருக்குங்க? அறுபது வயது அருந்ததியர் பெரியவரைத் தோட்டத்துக்காரர் வீட்டுப் பத்து வயதுப் பையன் 'டேய்' என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்த காதுகள் எங்களுடையவை. அதே பெரியவர் அந்தப் பையனைச் 'சாமி' என்று அழைத்ததையும் கேட்டிருக்கிறோம். கொங்குத் தமிழின் மரியாதையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அந்த மரியாதையின் மறுபாதியைக் கேட்டதில்லை. கேட்கிற தூரத்துக்கு அவர்கள் வருவதில்லை. தோட்டத்துச் சாளை வரைக்கும் வந்து மோர் குடித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். வளவு அதற்கும் அக்கட்டால் இருக்கிறது.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களை 'ஒறம்பரை' என்போம். ஒறம்பரை என்றால் உறவு. உறவு என்றால் சாதி. புதிதாக ஒருவர் ஊருக்குள் வந்தால் கேட்கப்படும் கேள்விகளின் வரிசையைப் பாருங்கள். 'ஊரு எதுங்க?' 'ஊர்ல எந்தப் பக்கமுங்க?' 'அப்பாரு என்ன பண்றாருங்க?' நம்ம ஆள்தான் என்று தோன்றிவிட்டால் அடுத்த கேள்வி: 'எந்தக் கூட்டமுங்க?' அதற்குச் சரியான பதில் சொன்னவருக்கு இலை விழும். இரண்டாவது கேள்வியிலேயே தடுக்கி விழுந்தவருக்கு 'பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கமுங்க' என்று வழி சொல்லப்படும். அப்போதும் 'ங்க' இருக்கும். கடவுச்சீட்டு வெளிநாட்டுக்குத்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

நான் வங்கியில் குமாஸ்தா. மாற்றலாகிப் போகிற ஊர்களில் வீடு தேடுவது என் பயண அனுபவம். காலையில் போனில் 'வீடு காலியா இருக்குதுங்க, வந்து பாருங்க' என்ற அதே குரல், சாயங்காலம் நேரில் போய் நின்று இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு, 'எங்க தங்கச்சி குடும்பம் வர்றதாச் சொல்லிட்டாங்க' என்றது. இப்படி வராமலே போன தங்கச்சி குடும்பங்களை எண்ணினால் ஒரு பஞ்சாயத்துத் தொகுதி தேறும். இதை எழுதினால் புலம்பல் என்பார்கள். விடுதியில் வெந்நீர் வரவில்லை என்று ஒருவர் எழுதினால் மட்டும் அது பயண இலக்கியம்!

*

தொழிலின் கணக்கைப் பார்ப்போம். வங்கிக்காரன் என்பதால் எனக்குக் கணக்குப் பார்க்கும் புத்தி உண்டு.

பயண எழுத்துக்குப் பத்திரிகைகள் கொடுக்கும் பணம் சொற்பம். பல சமயம் அதுவும் கிடையாது. காணொளி போடுகிறவர்களுக்கு விளம்பர வருமானம் பார்வையாளர் எண்ணிக்கையைப் பொறுத்தது. அது சேர்வதற்கு மாதங்கள் ஆகலாம், வருடங்கள் ஆகலாம், சேராமலே போகலாம். அதுவரைக்கும் சோறு யார் போடுவது? மீதி வருமானமெல்லாம் விடுதிக்காரர்களிடமிருந்தும் சுற்றுலா நிறுவனங்களிடமிருந்தும் வருவது. இரண்டு இரவு இலவசத் தங்கல், சாப்பாடு, கார், எழுதியதைப் பார்த்துவிட்டு அறை எடுக்கிறவர்கள் மூலம் கொஞ்சம் கமிஷன். பணமாகக் கைக்கு வருவதைவிடப் பண்டமாக வருவதுதான் அதிகம். வீட்டு வாடகையை இலவச அறையால் கட்ட முடியாது. அம்மாவின் மருந்துச் சீட்டைக் காலை உணவுக் கூப்பனால் வாங்க முடியாது.

எனவே 'வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினேன்' என்று பீற்றிக்கொள்கிறவருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தோட்டமோ, வாடகை வரும் ஒரு கட்டடமோ, தோற்றுத் திரும்பினால் உட்கார வைத்துச் சோறு போட ஒரு வீடோ இருக்கிறது. அவருடைய துணிச்சலுக்கு அடமானமாக நிற்பது அவர் தாத்தாவின் நிலம். நம் வீடுகளில் ஒரு சம்பளத்தை எட்டுப் பேர் தின்கிறோம். அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கிளம்பு என்று சொல்கிறவர், எட்டுப் பேரைப் பட்டினி போடு என்று சொல்கிறார். அவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு எப்போதும் வந்ததில்லை.

நான் வேலை பார்த்த ஒரு கிளைக்குக் காலனிப் பையன் ஒருவன் வந்தான். காட்சித் தொடர்பியல் படித்தவன். நல்ல கண். மலையோர ஊர்களைப் படமெடுத்துப் போட வேண்டும், கேமரா வாங்க 80,000 ரூபாய் முத்ரா கடன் வேண்டும் என்றான். அவனிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: 'இதுல என்ன தம்பி வருமானம் வரும்?' நியாயமான கேள்விதான். இரண்டாவது கேள்வி: 'செக்யூரிட்டிக்கு என்ன காட்டுவே?' 2015இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிணை கேட்கக் கூடாது என்பது விதி. விதியை எடுத்துச் சொன்னேன். காகிதம் மேசையிலிருந்து மேசைக்குப் போயிற்று. பையன் நான்கு தடவை நடந்தான், ஐந்தாவது தடவை வரவில்லை. அடுத்த வாரமே 'அப்பா பெயரில் பூமி இருக்குதுங்க' என்று வந்த இன்னொருவருக்கு அதே மேசைகள் வேகமாக நகர்ந்தன. இது ஒரு கிளையின் கதை மட்டுமில்லை என்று, கடனுக்கு நடந்த நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

சரி, கேமராவும் கிடைத்து உள்ளே போய்விட்டோம் என்று வையுங்கள். அங்கே என்ன எழுதச் சொல்வார்கள்? தமிழில் இதற்குப் பழைய பெயரே இருக்கிறது: ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் அந்த வகைதான். கடைசி நான்கில், பரிசில் வாங்கியவன் வறுமையில் எதிரே வருகிறவனுக்குக் கொடுத்தவனின் ஊரைப் புகழ்ந்து வழி சொல்கிறான். வழியில் என்ன மரம், என்ன சோறு, அவன் வாசல் எப்படித் திறந்திருக்கும் என்றெல்லாம் சொல்கிறான். இன்றைய விடுதிக் கட்டுரையும் அதேதான். பாணனாவது தன் பசியை மறைக்கவில்லை. தான் வாங்கியதை வெளிப்படையாகச் சொல்லித்தான் வழி காட்டினான். இன்றைய ஆற்றுப்படைக்காரர் தான் வாங்கியதைச் சொல்வதற்கே சட்டம் தேவைப்பட்டது. 2021இல் விளம்பரத் தர மன்றம் நெறிமுறை போட்டது. 2023 ஜனவரியில் ஒன்றிய அரசும் விதி சொன்னது: இலவசத் தங்கல், பரிசு, பணம் எது வாங்கியிருந்தாலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நல்ல விதி. ஆனால் சாதி கொடுத்த இலவசத்தைச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறதா? 'இந்த ஊரில் எனக்குக் கிடைத்த வரவேற்பு என் பெயருக்குப் பின்னாலிருக்கும் சாதியின் உபயம்' என்று எந்தக் காணொளிக்கு அடியிலாவது பார்த்திருக்கிறீர்களா?

கவிதை எழுதுகிறவன் என்று கேள்விப்பட்டு, சுற்றுலா மலர் ஒன்றிலிருந்து என்னிடம் வால்பாறையைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். கட்டணம் கிடையாது, துரைமார் காலத்துப் பங்களா ஒன்றில் இரண்டு நாள் தங்கலாம் என்றார்கள். என் சொந்தச் செலவில் பஸ்ஸில் போய், தோழர் ஒருவர் வீட்டில் தங்கி எழுதிக் கொடுத்தேன். பனி, தேயிலைச் சரிவு, வரையாடு எல்லாம் இருந்தது. லயன் வீடுகளும் இருந்தன. ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. 'ரொம்ப நல்லா வந்திருக்குங்க. அந்த லயன் வீட்டுப் பத்தி மட்டும் எடுத்துடலாமுங்களா? நெகட்டிவா இருக்குது. டூரிஸ்டுக்கு அது தேவைப்படாது.' எடுக்க முடியாது என்றேன். கட்டுரை வரவில்லை. அந்த இடத்தில் பங்களாவின் சாப்பாட்டு மேசைப் படம் வந்தது. என்னைத் திட்டவில்லை, சாதிப் பெயர் சொல்லவில்லை, மிகுந்த மரியாதையோடு ஒரு பத்தியை எடுக்கச் சொன்னார்கள். இந்தத் தொழில் கேட்கும் கூலி என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

*

எடுக்கச் சொல்லும் பத்திகளில் என்னதான் இருக்கிறது? கொங்கு நாட்டின் மூன்று சுற்றுலாத் தலங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலில் வால்பாறை. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். எழுதுகிற ஒவ்வொருவரும் வளைவுகளை எண்ணுகிறார்கள். ஒன்பதாவது வளைவில் 'லோம்ஸ் வியூ' என்று வெள்ளைக்காரர் பெயரில் ஒரு காட்சி முனை. கல் உடைத்துப் பாதை போட்டவர்களின், காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பெயரில் ஒரு வளைவும் இல்லை. கங்காணிகளின் முன்பணத்தில் சிக்கிச் சமவெளியிலிருந்து ஏறிப்போன அந்தச் சனங்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். குளிரிலும் மலேரியாவிலும் செத்தவர்களின் கதையை, ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். 2013இல் வந்த 'பரதேசி' படத்துக்கும் அதுதான் மூலம். இத்தனைக்கும் பிறகு வால்பாறையைப் பற்றி எழுதுகிறவர் துரை பங்களாவின் கணப்படுப்பை வருணிக்கிறார். கணப்படுப்புக்கு விறகு சுமந்தவள் எங்கே தூங்கினாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாவது, மேட்டுப்பாளையம். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் ஓடத் தொடங்கிய மலை ரயில். 46 கிலோமீட்டர். 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. பல்சக்கரத் தண்டவாளம், சுரங்கங்கள், பாலங்கள், ஜன்னலில் தலை நீட்டிய குழந்தைகள் என்று ஆயிரம் முறை எழுதியாயிற்று. அதே மேட்டுப்பாளையத்தில் நடூர் இருக்கிறது. 2019 டிசம்பர் 2 விடியற்காலை, கொட்டும் மழையில், பக்கத்து வசதியான வீட்டின் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் இடிந்து ஓட்டு வீடுகள் மேல் விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். பெண்கள், குழந்தைகள், நம் அருந்ததியர் சனங்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்று இயக்கங்கள் சொன்னன. நீதி கேட்டுத் திரண்டவர்கள் மேல் தடியடி நடந்தது. 1899இல் போட்ட இரும்புப் பாதை மரபு என்றால், அந்தச் சுவர் எந்த மரபு? அதற்கு ஒரு யுனெஸ்கோ கிடையாதா? ரயிலுக்காக விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி டீ குடிக்கும் பயண எழுத்தாளருக்கு நடூர் ஒரு வரியாகக்கூட இல்லை.

மூன்றாவது, திருச்செங்கோடு. மலைமேல் அர்த்தநாரீசுவரர். ஆணும் பெண்ணும் ஒரே உடலில் சரிபாதி என்று தத்துவம் எழுதாத ஆன்மிகச் சுற்றுலாக் கட்டுரை உண்டா? 2015 ஜூனில் ஓமலூர்ப் பக்கத்துத் தலித் இளைஞர், பொறியியல் படித்த கோகுல்ராஜ், தன்னோடு படித்த பெண்ணோடு அந்தக் கோயிலுக்குப் போனார். பெண் வேறு சாதி. அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் உடலாகக் கிடந்தார். கோயிலின் கண்காணிப்புக் கேமராவில் பதிந்த காட்சிகள் வழக்கில் முக்கியச் சாட்சியமாயின. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்து ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023இல் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. திருச்செங்கோட்டு மலையைப் பற்றி எத்தனையோ காணொளிகள் இருக்கின்றன. ஒரு தலித் இளைஞன் சாமி கும்பிடப் போனால் என்ன ஆகும் என்று காட்டிய காணொளி அந்தக் கண்காணிப்புக் கேமராவுடையது ஒன்றுதான். கூட ஒரு பெண்ணோடு கோயிலுக்குப் போவது ஒருத்தருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இன்னொருத்தருக்கு உயிர்.

'எல்லாத்துலயும் சாதியைக் கொண்டாந்து போடறீங்களே, பயணம்னா கொஞ்சம் ரசிக்கறதுதானுங்க' என்பார்கள். நாங்கள் கொண்டுவந்து போடவில்லை. அது ஏற்கெனவே வழியில் கிடக்கிறது. உங்கள் காலில் இடறவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது.

*

அப்படியானால் நமக்குப் பயண இலக்கியமே கிடையாதா? உண்டு. பாடத்திட்டத்தில் அந்தப் பெயரில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் பயண இலக்கியம் என்றதும் காந்தி பற்றிய படச்சுருள்களைத் தேடி உலகம் சுற்றிய ஏ.கே. செட்டியாரைச் சொல்வார்கள். 1971இல் சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யைச் சொல்வார்கள். அவர்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எந்தத் திண்ணையில் உட்காரலாம் என்று அவர்கள் யோசிக்க வேண்டியிருந்ததில்லை. அந்த யோசனையிலிருந்து தொடங்கும் பயண எழுத்து வேறொன்று. அதன் முதல் நாயகன் நந்தன். சேக்கிழார் பெரியபுராணத்தில் அவருக்குக் கொடுத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: திருநாளைப்போவார். உலகத்தில் வேறு எந்தப் பயணிக்காவது, போகாமல் தள்ளிப்போட்டதே பெயரானதுண்டா? சிதம்பரம் போக வேண்டும். நாளைக்குப் போகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அந்தக் கதையில் ஒரு பார்ப்பனப் பண்ணையாரைச் சேர்த்தார். பண்ணையாளுக்கு ஊருக்குப் போக லீவு கிடையாது. சேர்த்தவர் அறிந்தோ அறியாமலோ உண்மையைச் சேர்த்துவிட்டார். கடைசியில் போய்ச் சேர்ந்தவருக்குத் தீக்குழிதான் நுழைவாயில். பக்தி என்று படித்தது போதும் தோழர்களே, அதை ஒரு பயணக் கட்டுரையாகப் படித்துப் பாருங்கள்.

அடுத்தவர் இரட்டைமலை சீனிவாசன். எங்கள் கோயமுத்தூரில் படித்தவர். தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் அந்தப் பள்ளி நாட்களைச் சொல்கிறார். ஏறக்குறைய எல்லோரும் பார்ப்பனப் பிள்ளைகளாக இருந்த இடத்தில், சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து விளையாடாமல், யாரோடும் பழகாமல் ஒதுங்கியே படித்து முடித்திருக்கிறார். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்குமான அந்தத் தூரம் கோவையைப் பற்றி எழுதப்பட்ட முதல் தலித் பயணக் குறிப்பு என்பேன். அந்த ஊமைப் பையன்தான் பின்னால் 'பறையன்' என்று இதழ் நடத்தினார். கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் பல வருடம் வாழ்ந்தார். 1860இலேயே சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நம் கூலிச் சனங்கள் போய் இறங்கிய நேட்டால் மண் அது. அந்தக் கூலிகள் போனதைப் பயணம் என்று யாரும் எழுதவில்லை. நம் ஆட்கள் கடல் தாண்டினால் அதற்குப் பெயர் ஆள்பிடிப்பு. திரும்பி வந்த சீனிவாசன் சட்டமன்றத்துக்குப் போனார். 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம்தான், பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் பொது இடங்களிலும் தாழ்த்தப்பட்டோர் புழங்கலாம் என்று சென்னை மாகாண அரசை ஆணை போட வைத்தது. சட்டப்படி நமக்குச் சாலை கிடைத்து நூறு வருடம்தான் தாண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் சாலை என்று எழுதுகிற எவரும் அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மூன்றாமவர் பாபாசாகேப். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அந்தச் சிறு நூலைப் பயண இலக்கியமாகப் படித்தால் மயிர்க்கூச்செறிகிறது. 1901இல் அப்பாவைப் பார்க்கப் போகும் ஒன்பது, பத்து வயதுப் பையன் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறான். சாதி தெரிந்ததும் மாட்டு வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருகிறான். இரவெல்லாம் கையில் சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. பிறகு கொலம்பியாவில் படித்துவிட்டு வந்து பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கி, தடியோடு வந்த கும்பலால் வெளியேற்றப்படுகிறார். 1934இல் தோழர்களோடு தௌலதாபாத் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போனபோது, குளத்துத் தண்ணீரில் முகம் கழுவியதற்கே தகராறு. வண்டி, விடுதி, தண்ணீர், பார்க்க வேண்டிய இடம். பயண எழுத்தின் நான்கு அத்தியாயங்களும் அதில் இருக்கின்றன. இதே மனிதர்தான் பின்னால் அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைவரானார். அந்தச் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி, கேளிக்கை இடம், கிணறு, குளம், குளியல் துறை, சாலை என்று பட்டியல் போடுகிறது. அதை நிதானமாகப் படியுங்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீருக்குத் தவித்த ஒரு பயணியின் நினைவு அந்தப் பட்டியலில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

*

ஆக, தொழிலுக்குப் போக ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வது இதுதான்.

போங்கள். எங்களுக்கும் அருவி பிடிக்கும். கோவைக் குற்றாலத்தில் நனைய, டாப்ஸ்லிப்பில் யானை பார்க்க, காரியமே இல்லாமல் ஒரு மலையடிவாரத்தில் படுத்துக்கிடக்க நமக்கும் உரிமை உண்டு. வேலைக்காக மட்டுமே ஊர் விட்டு ஊர் போன சனங்களின் பேரப்பிள்ளைகள் சும்மா ஊர் சுற்றுவதே ஒரு கலகம்தான். தலித் என்றால் துக்கம் மட்டும் எழுது என்கிற பொதுப்புத்திக்கும் நாம் கூலி வேலை செய்யத் தேவையில்லை.

ஆனால் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள். யாருடைய இலவச அறையும் வேண்டாம் என்று சொல்லும் தெம்பு உங்கள் சொந்தக் காசிலிருந்துதான் வரும். என் ஊர் சுற்றலுக்கு வங்கி கொடுக்கும் விடுப்புப் பயணச் சலுகையும் இரண்டாம் சனிக்கிழமைகளும்தான் முதலீடு. அது போதாதுதான். ஆனால் அந்தச் சலுகையில் போய் எழுதியதை யாரும் போன் பண்ணி எடுக்கச் சொல்ல முடியாது.

எழுதும்போது கணக்கு எழுதுங்கள். பஸ் கட்டணம் எவ்வளவு, யார் கொடுத்தது, எங்கே தங்கினோம், யார் மூலமாக இடம் கிடைத்தது என்பதெல்லாம் இருக்கட்டும். டீக்கடையில் கண்ணாடி கிளாஸா, பேப்பர் கப்பா என்று பாருங்கள். எல்லோருக்கும் பேப்பர் கப்பா, நமக்கு மட்டும் பேப்பர் கப்பா என்றும் பாருங்கள். கொட்டாங்குச்சி போய் இரட்டைக் குவளை வந்தது, இரட்டைக் குவளையைச் சட்டம் துரத்தியதும் அது தூக்கியெறியும் கப்பாக மாறிக்கொண்டது. சுகாதாரம் என்று அதற்குப் பெயர் வேறு! என்ன கேள்வி கேட்டார்கள், எத்தனாவது கேள்வியில் முகம் மாறியது என்று எழுதுங்கள். ஊரின் பெயரை எழுதுகிற பக்கத்தில் அந்த ஊரின் வளவுக்கும் காலனிக்கும் என்ன பெயர் என்று எழுதுங்கள். ஒரு இடம் அழகாக இருந்தால் அதையும் தாராளமாக எழுதுங்கள். அந்த அழகை யார் வெட்டி, நட்டு, கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் வருணனை முழுசாகும்.

தனியாகப் போகாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதிக்காரர்களுக்கு ஊருக்கு ஊர் ஒறம்பரை இருப்பதுபோல நமக்கு ஊருக்கு ஊர் தோழர்கள் இருக்கிறார்கள். அம்பேத்கர் மன்றங்கள், இரவுப் பள்ளிகள், தூய்மைப் பணியாளர் சங்கங்கள், தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் இருக்கின்றன. இவை நமக்குச் சத்திரங்கள். அங்கே தங்குங்கள், அங்கே கேளுங்கள், எழுதியதை முதலில் அங்கே வாசித்துக் காட்டுங்கள். எந்தத் தெருவில் வாடகைக்கு வீடு கிடைக்கும், எந்தக் கோயில் வாசலில் இன்னும் பிரச்சினை, எந்த விடுதியில் பெயரைக் கேட்டுவிட்டு அறை இல்லை என்கிறார்கள் என்ற தகவல்களைச் சேர்த்தால் கொங்கு நாட்டுக்கு ஒரு உண்மையான வரைபடம் கிடைக்கும். எந்தச் சுற்றுலாத் துறையும் அதைப் போட்டுத் தராது. 1955ஆம் வருடத்துச் சட்டமும் 1989ஆம் வருடத்துச் சட்டமும் கையில் இருக்கும்போது, அந்த வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு புகார் மனுவாகவும் ஆக முடியும்.

முதல் புள்ளியை இந்தப் பக்கங்களிலேயே வைப்போம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், நீலகிரித் தோழர்கள் தாங்கள் போய்வந்த ஒரு ஊரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். நாள், பஸ் எண், செலவு, கேட்கப்பட்ட கேள்விகள், குடித்த டீ, பார்த்த மலை. நடை அழகாக இருக்க வேண்டியதில்லை. நாளைக்கு எழுதலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.